'எம்' படத்தில் தொடங்கலாமா, மபூசேயில் தொடங்கலாமா?

மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடிப் பழைய படம் ஒன்றைப் பார்ப்போம். படம் முடிந்ததும் டீ, அப்புறம் ஒரு மணி நேரம் பேச்சு. அடுத்த முறை ஜெர்மன் குற்றப் படம் என்று முடிவாகி, எதைப் போடுவது என்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் என்பதில் குழப்பமில்லை. அவருடைய எந்தப் படத்தை முதலில் போடுவது என்பதில்தான் யோசனை. வருகிறவர்களில் பாதிப் பேர் இதுவரை ஒரு ஜெர்மன் படம்கூடப் பார்த்ததில்லை. முதல் படம் ஒட்டாமல் போனால் இரண்டாவது படத்துக்கு ஆள் வராது.

என் முன்னால் இருந்தவை ஐந்து: லாங் எடுத்த மூன்று, அவர் கதையை மற்றவர்கள் மறுபடி எடுத்த இரண்டு. 1922-ல் வந்த மௌனப் படமான 'சூதாடி டாக்டர் மபூசே'. 1931-ல் வந்த 'எம்', லாங்கின் முதல் பேசும் படம்; குழந்தைகளைக் கொல்லும் ஒருவனை ஒரு நகரமே தேடும் கதை. 1933-ல் வந்த அவருடைய 'டாக்டர் மபூசேயின் உயில்'. 'எம்' கதையை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோய் ஜோசப் லோசி 1951-ல் எடுத்த அதே பெயர்ப் படம். அதே கதையை வியன்னாவில் வைத்து 2019-ல் டேவிட் ஷால்கோ எடுத்த ஆறு பகுதித் தொடர்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 'எம்'தான். ஆனால் மற்றவற்றை ஒதுக்கியதற்குக் காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு. தவிர, 'எம்' என்று முடிவுசெய்த பிறகும் எந்தப் பிரதி என்ற கேள்வி பாக்கியிருந்தது. அதில் தவறினால் படமே வேறாகிவிடும்.

முதல் மபூசே சீக்கிரம் முடிவாகிவிட்டது. இரண்டு பாகம், சேர்த்தால் நாலரை மணி நேரம். தொடக்கம் என்னவோ அபாரம்தான். மபூசே என்ற குற்றத் தலைவன் தன் மாறுவேடப் புகைப்படங்களைச் சீட்டுக்கட்டு போல் விரித்து, கலைத்து, இன்றைக்கு யாராக இருக்கலாம் என்று ஒன்றை உருவுகிறான். அடுத்து ரயிலில் ஒரு வணிக ஒப்பந்தம் திருடு போகிறது; கடிகார முள்ளைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் திருட்டு. அந்தச் செய்தி பரவி பங்குச் சந்தை சரியும்போது மலிவு விலையில் வாங்கிப் போடுகிறான், ஒப்பந்தம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்து விலை ஏறியதும் விற்றுவிடுகிறான். பணவீக்கம் ஜெர்மனியைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. முதல் பாகத்துக்கு லாங் வைத்த துணைத் தலைப்பே 'காலத்தின் ஒரு படம்' என்பதுதான். லாங்கை ஏற்கெனவே நேசிக்கிறவர்கள் ஒரு நீண்ட விடுமுறை நாளில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் இது. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, மறுநாள் காலையில் பிள்ளைகளைக் கணக்கு டியூஷனுக்கு அனுப்ப வேண்டியவர்கள் முன்னால் போட முடியாது.

உண்மையான போட்டி 'எம்' படத்துக்கும் 'உயில்' படத்துக்கும்தான். இரண்டையும் ஒரே வாரத்தில் மறுபடி பார்த்தேன். இரண்டிலும் அதே இயக்குநர், அதே ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னர், லாங்கோடு சேர்ந்து கதை எழுதிய அதே தேயா ஃபான் ஹார்பூ, அதே தயாரிப்பாளர் செய்மூர் நெபென்சால். விசாரணை அதிகாரிகூட ஒருவர்தான்: ஓட்டோ வெர்னிக்கே நடித்த லோமன், தொப்பை வைத்த, சுருட்டுப் பிடிக்கும், சந்தேகப் புத்தியுள்ள இன்ஸ்பெக்டர். பெர்லின் கொலைப் பிரிவின் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் கென்னாட்டை வைத்து உருவாக்கிய பாத்திரம் என்று சொல்வார்கள். ஆக, ஒரே கையில் பிறந்த இரண்டு படங்கள்.

விறுவிறுப்பை மட்டும் பார்த்தால் 'உயில்' ஜெயித்துவிடும். முதல் காட்சியில் ஒரு அறை முழுக்க ஏதோ எந்திரத்தின் இரைச்சல். சுவர் அதிர்கிறது, மேலே தொங்குவதெல்லாம் ஆடுகிறது. பெட்டிக்குப் பின்னால் ஒருவன் வியர்த்துப்போய் ஒளிந்திருக்கிறான். இரண்டு பேர் உள்ளே வருகிறார்கள், பேசுகிறார்கள். இரைச்சலில் ஒரு வார்த்தைகூட நமக்குக் கேட்காது. பேசும் படம் வந்த புதிதில் இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இன்னொரு காட்சி: சிக்னலில் வண்டிகள் நிற்கின்றன. யாரோ விளையாட்டாக ஹாரன் அடிக்க, எல்லாரும் சேர்ந்து அடிக்கத் தொடங்குகிறார்கள், ஒரே கூத்து. விளக்கு மாறுகிறது. எல்லா வண்டிகளும் நகர்கின்றன, ஒன்று மட்டும் நகரவில்லை. உள்ளே ஸ்டியரிங் மேல் சாய்ந்திருப்பவர் இறந்துபோயிருக்கிறார். துப்பாக்கிச் சத்தத்தை ஹாரன் சத்தம் விழுங்கிவிட்டது. இந்த இரண்டு காட்சிகளைப் போட்டாலே எங்கள் மாடி நிமிர்ந்து உட்காரும்.

வரலாற்றுக் காரணமும் அதற்கு இருக்கிறது. பைத்தியக்கார மருத்துவமனையில் கிடக்கும் மபூசே, நாட்டை அச்சத்தில் ஆழ்த்தி, குற்றத்தின் ஆட்சியைக் கொண்டுவருவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறான். 1933 மார்ச்சில் புதிய நாஜி அரசின் தணிக்கை படத்தைத் தடை செய்தது. முதல் காட்சி ஏப்ரலில் புடாபெஸ்டில் நடந்தது. ஜெர்மன் திரையரங்குக்கு வர 1961 வரை ஆயிற்று. நாஜிகளின் கோஷங்களைத்தான் குற்றவாளியின் வாயில் வைத்தேன் என்று லாங் பிற்பாடு சொன்னார். எடுக்கும்போதே அந்த எண்ணம் எவ்வளவு இருந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் கூப்பிட்டுப் பெரிய பதவி கொடுக்க, அன்றிரவே ரயிலேறித் தப்பினேன் என்று அவர் சொன்ன கதைக்கும், 1933 ஜூலை வரை அவர் ஜெர்மனிக்குப் போய்வந்ததைக் காட்டும் பாஸ்போர்ட் முத்திரைகளுக்கும் பொருந்தவில்லை. ஆனால் அவர் போனதும், மனைவி தேயா ஃபான் ஹார்பூ தங்கி நாஜிக் கட்சியில் சேர்ந்ததும் நடந்தவை.

இவ்வளவு இருந்தும் 'உயில்' படத்தை இரண்டாவதாக வைத்தேன். காரணம் சத்தம். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. 'உயில்' படத்தில் திரைக்குப் பின்னால் தலைவனின் குரல் கேட்கிறது, அடியாட்கள் நடுங்குகிறார்கள், திரையைக் கிழித்துப் பார்த்தால் அங்கே ஆளே இல்லை. ஒரு அட்டை உருவமும் ஒரு ஒலிபெருக்கியும்தான். அங்கே சத்தம் குற்றவாளியை மறைக்கிறது. 'எம்' படத்தில் சத்தம் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. கண் தெரியாத பலூன்காரர், ஒரு விசில் சத்தத்தை வைத்து, நகரமே தேடும் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறார். காது கேட்கக் கற்றுக்கொள்ள 'எம்' முதலில் வேண்டும். அதைப் பார்த்தவருக்குத்தான் 'உயில்' படத்தின் திரைக்குப் பின்னால் இருக்கும் வெறுமை முழுசாக உறைக்கும். மாற்றிப் பார்த்தால் 'உயில்' வெறும் சாமர்த்தியமான துப்பறியும் படமாகத் தெரிந்துவிடும்.

சரி, 'எம்' படத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஏழெட்டு நிமிடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். என் முடிவு பெரும்பாலும் அங்கேயே ஆகிவிட்டது.

திரை இருட்டு. ஒரு குழந்தையின் குரல் பாடுகிறது. அப்புறம் படம் வருகிறது: ஒரு குடியிருப்பின் முற்றத்தில் குழந்தைகள் வட்டமாக நின்று, ஒவ்வொருவராக வெளியேற்றும் ஆட்டம் ஆடுகிறார்கள். கொஞ்சம் பொறு, பூச்சாண்டி வருவான், கத்தியோடு வருவான் என்கிற பாட்டு. துணிக்கூடை தூக்கிக்கொண்டு மேலே ஏறும் பெண்ணுக்கு அந்தப் பாட்டைக் கேட்கவே பிடிக்கவில்லை, அதட்டுகிறாள். மேலே துணி துவைத்துக்கொண்டிருக்கும், எல்சி என்ற சிறுமியின் அம்மா, பாட்டுக் கேட்கும்வரை பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள் என்றாவது தெரிகிறதே என்கிறாள். முதல் முறை பார்த்தபோது இந்த வசனத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். படம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது.

மணி பன்னிரண்டு. பள்ளி விடுகிறது. அம்மா மேசையில் தட்டு வைக்கிறாள், கரண்டி வைக்கிறாள். வெளியே எல்சி பந்தைத் தட்டிக்கொண்டே நடக்கிறாள். ரோட்டைக் கடக்க ஒரு போலீஸ்காரர் உதவுகிறார். பந்தை ஒரு விளம்பரத் தூணில் அடித்து அடித்துப் பிடிக்கிறாள். தூணில் ஒட்டியிருப்பது, கொலைகாரனைக் கண்டுபிடித்தால் 10,000 மார்க் பரிசு என்ற போலீஸ் அறிவிப்பு. அந்தத் தாள்மேல் தொப்பி போட்ட ஒரு நிழல் விழுகிறது. உன் பந்து அழகா இருக்கே, உன் பேர் என்ன என்று கேட்கிறது ஒரு குரல். மென்மையான குரல். முகம் தெரியாது.

அவன் விசிலடித்துக்கொண்டே அவளுக்கு ஒரு பலூன் வாங்கித் தருகிறான். அவ்வளவுதான். அப்புறம் அம்மா மட்டும்தான். கடிகாரத்தைப் பார்க்கிறாள். படியில் காலடி கேட்டுக் கதவைத் திறக்கிறாள், வேறு பிள்ளைகள். "எல்சி!" என்று கூப்பிடுகிறாள். ஆளில்லாத படிக்கட்டு. மறுபடி "எல்சி!" துணி காயும் ஆளில்லாத மாடி. மறுபடி. காலித் தட்டும் கரண்டியும். குரல் தேய்ந்து நின்றதும் சத்தமே இல்லாமல் புதரிலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. தந்திக் கம்பியில் பலூன் மாட்டிக்கொண்டு, ஆடி, விடுபட்டுப் போய்விடுகிறது.

ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, ஒரு அலறல் கிடையாது. பின்னணி இசை இந்தப் படத்தில் எங்குமே கிடையாது. திரும்பத் திரும்பக் கேட்கும் மெட்டு கொலைகாரனின் விசில், கிரீக் இசையமைத்த 'பியர் கிண்ட்' இசையிலிருந்து ஒரு துண்டு. அவனாக நடித்த பீட்டர் லோரேக்கு விசிலடிக்க வராது. தானே அடித்ததாக லாங் சொல்லியிருக்கிறார். ஒரு பாத்திரம் வருவதற்கு முன்பே அதற்குரிய மெட்டு வந்து நம் வயிற்றைக் கலக்குவது இன்றைக்கு எல்லா மொழிப் படத்திலும் சாதாரணம். சினிமாவில் அதை இவ்வளவு அழுத்தமாகச் செய்துகாட்டிய ஆரம்பப் படங்களில் இது ஒன்று.

குறையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு இருபது நிமிடம் முதல்முறை பார்ப்பவருக்குத் தள்ளாடும். பெயர் மனதில் நிற்காத நிறைய முகங்கள், கைரேகை, வரைபடம், திடீர்ச் சோதனை என்று போலீஸ் வேலையை விரித்துக்கொண்டே போகிறது. கதாநாயகன் யார் என்று தேடுகிறவர் சலித்துப்போவார். ஆனால் அந்தச் சலிப்பின் நடுவில்தான் படத்தின் மிகப் பெரிய விஷயம் நடக்கிறது. தெருவுக்குத் தெரு போலீஸ் நிற்பதால் திருடர்களுக்குத் தொழில் நடக்கவில்லை. அவர்களும் கூட்டம் போடுகிறார்கள். இங்கே போலீஸ் அதிகாரிகள் மேசையைச் சுற்றி, அங்கே திருட்டுக் கூட்டங்களின் தலைவர்கள் மேசையைச் சுற்றி. இரண்டு அறையிலும் ஒரே புகைமூட்டம். குஸ்டாஃப் கிருண்ட்கென்ஸ் நடித்த ஷ்ரெங்கர், கையை வீசி ஒரு பேச்சைத் தொடங்குகிறான். போலீஸ் தலைவர் அதே கைவீச்சோடு அதைத் தொடர்கிறார். யார் பக்கம் எது என்று கொஞ்ச நேரத்தில் நமக்கே தெரியாமல் போய்விடுகிறது. 1931 ஜெர்மனியில், சட்டத்தின் மேசைக்கும் அடியாட்களின் மேசைக்கும் தூரம் குறைந்துகொண்டிருந்தபோது எடுத்த காட்சி அது. இரண்டு வருடத்துக்குள் இரண்டும் ஒரே மேசையாகிவிட்டன.

போலீஸ் ஒரு சிகரெட் துண்டையும் சிவப்புப் பென்சில் தூளையும் வைத்து நெருங்குகிறது. திருடர்கள் பிச்சைக்காரர்களை வேவு பார்க்க வைக்கிறார்கள். ஆளுக்கொரு தெரு, ஆளுக்கொரு முற்றம். ஜெயிப்பது இவர்கள்தான். விசிலை அடையாளம் கண்ட பலூன்காரர் சொல்ல, ஒரு இளைஞன் பின்தொடர்ந்து ஓடி, உள்ளங்கையில் சாக்பீஸால் எம் என்று எழுதி, தெரியாமல் இடிப்பதுபோல் அந்த ஆள் தோளில் தட்டிவிடுகிறான். ஜெர்மன் மொழியில் கொலைகாரன் என்ற சொல்லின் முதல் எழுத்து. கூட வரும் சின்னப் பெண் கோட்டில் ஏதோ வெள்ளையாக இருக்கிறது என்று சொல்ல, அவன் கண்ணாடியில் திரும்பித் தன் தோளைப் பார்க்கிறான். அந்த முகம் மறக்காது.

அப்புறம் கைவிடப்பட்ட சாராய ஆலையின் நிலவறையில் ஒரு கட்டப் பஞ்சாயத்து. வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது. படி நெடுக உட்கார்ந்திருக்கும் திருடர்கள், ஏமாற்றுக்காரர்கள், பிச்சைக்காரர்கள், விலைமாதர்கள். நடுவராக ஷ்ரெங்கர், அவனே மூன்று கொலைகளுக்காகத் தேடப்படுகிறவன். குற்றவாளிக்கு ஒரு வக்கீலைக்கூட வைத்திருக்கிறார்கள். பெக்கெர்ட் என்ற அந்தக் கொலைகாரன் மண்டியிட்டு, விரல்களை நகம்போல் மடக்கி, கண் பிதுங்கப் பேசுகிறான். உங்களுக்கெல்லாம் இது தொழில், விட நினைத்தால் விட்டுவிடலாம். எனக்குள் இருப்பதை நான் என்ன செய்ய? தெருத் தெருவாக யாரோ என்னைத் துரத்துகிறார்கள், திரும்பிப் பார்த்தால் அது நானேதான். வேண்டாம் என்கிறேன், செய்தே ஆக வேண்டியிருக்கிறது. அவன் பேசும்போது கூட்டத்தில் ஓரிருவர் தங்களை அறியாமல் தலையாட்டுகிறார்கள். வக்கீல் எழுந்து, தன்னை மீறிச் செய்பவனைக் கொல்ல யாருக்கும் உரிமையில்லை, அவனுக்கு மருத்துவர் வேண்டும் என்கிறார். கூட்டம் சிரிக்கிறது, கத்துகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு பெண் கூவுகிறாள்.

இந்தக் காட்சி யாரையும் சும்மா இருக்க விடாது. எங்கள் கூட்டத்தில் இரண்டு வக்கீல்கள், ஒரு மனநல நர்ஸ், பெண் குழந்தைகள் வைத்திருக்கும் நாலைந்து பெற்றோர் இருக்கிறார்கள். படத்துக்குப் பிறகு டீ ஆறிப்போகும்வரை பேசுவார்கள். 'உயில்' முடிந்தால் எப்படி எடுத்தார் என்று பேசுவோம். 'எம்' முடிந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று பேசுவோம். முதல் படமாக எதை வைப்பது என்பதில் எனக்கு இது பெரிய காரணம்.

வெறும் கற்பனை விவாதமாகவும் அது அன்றைக்கு இல்லை. டுசல்டார்ஃப் நகரைக் கதிகலங்க வைத்த தொடர் கொலைகாரன் பீட்டர் க்யூர்ட்டன் 1930 மே மாதம் பிடிபட்டான். 1931 ஏப்ரலில் விசாரணை நடந்து மரண தண்டனை விதித்தார்கள். மே 11 அன்று பெர்லினில் 'எம்' வெளியாயிற்று. ஜூலை 2 அன்று கொலோனில் க்யூர்ட்டன் தலை வெட்டப்பட்டது. தண்டனை அறிவித்ததற்கும் நிறைவேற்றியதற்கும் நடுவில் திரைக்கு வந்த படம் இது. பார்த்தவர்கள் மனதில் பெக்கெர்ட்டோடு க்யூர்ட்டனும் நின்றிருப்பான். ஒருவனை மட்டும் வைத்து எடுத்ததல்ல என்று லாங் மறுத்திருக்கிறார், அதை நம்பலாம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஜெர்மனியில் இப்படிப் பல வழக்குகள் நடந்திருக்கின்றன.

பிறகு நடந்தது கொடுமை. 1934-ல் படத்தைத் தடை செய்தார்கள். யூதரான லோரே 1933-லேயே நாட்டைவிட்டுப் போயிருந்தார். 1940-ல் நாஜிகள் எடுத்த 'நித்திய யூதன்' என்ற வெறுப்புப் பிரசாரப் படத்தில், நிலவறையில் லோரே பேசும் காட்சியை வெட்டி ஒட்டி, யூதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்குச் சான்று என்று காட்டினார்கள். ஒரு நடிகர் தன் உயிரைக் கொடுத்து, வெறுக்கத்தக்க ஒரு மனிதனையும் மனிதனாகக் காட்டினார். அந்த நடிப்பையே எடுத்து ஒரு இனத்தையே மனிதர் அல்லாதவராக்கப் பயன்படுத்தினார்கள். 'உயில்' தடை செய்யப்பட்டதைவிட, 'எம்' திருடப்பட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணமே அந்த நடிப்பின் வலு.

1990-களின் நடுவில் ஜெர்மன் திரைப்படக் காப்பகங்கள் சேர்ந்து நடத்திய கணிப்பில், முக்கியமான ஜெர்மன் படங்களின் பட்டியலில் 'எம்' முதலிடம் பெற்றது. லாங்கும் தன் படங்களில் இதையே சிறந்ததாகச் சொல்லிவந்தார்.

லோசியின் 1951 படத்தை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலம் என்பதால் எங்கள் ஆட்களுக்கு எளிது. 88 நிமிடம்தான். பழைய மூலப் படத்தின் தயாரிப்பாளர் நெபென்சாலே இதையும் தயாரித்தார். பின்னாளில் இடிக்கப்பட்ட, லாஸ் ஏஞ்சல்ஸின் பங்கர் ஹில் பகுதி வீடுகளும் சரிவான தெருக்களும் பட்டப்பகல் வெளிச்சத்தில் தெரிகின்றன. தேடுதல் காட்சி புகழ்பெற்ற பிராட்பரி கட்டடத்தின் இரும்புப் படிகளிலும் கூண்டு லிஃப்டிலும் நடக்கிறது. கொலைகாரனாக டேவிட் வெய்ன் நன்றாகவே நடித்திருக்கிறார். அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடி வேட்டையாடிய நாட்கள் அவை. லோசியே பிறகு வேலை கிடைக்காமல் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு கூட்டம் ஒருவனைத் துரத்துவதை அவர் எடுத்ததில் அந்த நடுக்கம் தெரிகிறது. ஒஹாயோ மாநிலம் படத்தைத் தடை செய்ய, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 1954-ல் படத்துக்குச் சாதகமாக முடிந்தது.

ஆனால் லோசியின் கொலைகாரனுக்குக் காரணம் இருக்கிறது. அம்மா, குழந்தைப் பருவம் என்று படம் விளக்கம் கொடுத்துவிடுகிறது. விளக்கம் கிடைத்ததும் பார்ப்பவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகிவிடுகிறது. லாங் அந்த நிம்மதியைத் தரவில்லை. இரண்டையும் அடுத்தடுத்த மாதங்களில் போட்டால் இந்த வேறுபாட்டை வைத்தே ஒரு சாயங்காலம் பேசலாம். முதலில் லோசியைப் போட்டால் அதன் விளக்கத்தைத் தலையில் வைத்துக்கொண்டே லாங்கைப் பார்ப்பார்கள், அது வேண்டாம்.

வியன்னாத் தொடர் பனி, அரசியல், இன்றைய அச்சங்கள் என்று விரிவாக எடுத்த நல்ல முயற்சி. ஆறு பகுதியை ஒரு கூட்டத்துக்குக் காட்ட முடியாது. மூலத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் பார்க்கட்டும்.

இப்போது பிரதி. 'எம்' வெளியானபோது கிட்டத்தட்ட 117 நிமிடம் ஓடியது. இன்று கிடைப்பதில் முழுமையானது 111 நிமிடம் அளவில் இருக்கும் மீட்டெடுத்த பிரதி. 1960-ல் மறுபடி வெளியிட்டபோது சுருக்கி, லாங் வேண்டுமென்றே மௌனமாக விட்ட இடங்களில் தெருச் சத்தங்களைச் சேர்த்தார்கள். அதன் வழிவந்த, நூறு நிமிடத்துக்கும் குறைவான பிரதிகள் இணையத்தில் இன்னும் சுற்றுகின்றன. 1932-ல் செய்த ஆங்கிலப் பதிப்பு ஒன்றும் உண்டு. அதில் லோரே அந்தக் கடைசிப் பேச்சை ஆங்கிலத்தில் தானே நடித்திருக்கிறார். அவரை நேசிப்பவர்களுக்கு அது ஒரு பொக்கிஷம், ஆனால் முதல்முறை பார்க்க ஏற்றதல்ல.

பிரதியைச் சோதிக்க நான் செய்வது மூன்று. ஓடும் நேரத்தைப் பார்ப்பேன். படத்தின் வடிவம் ஏறக்குறைய சதுரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அகலமாக இருந்தால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், தலைகள் போயிருக்கும். மூன்றாவது, நேரே கடைசிக்குப் போவேன். நிலவறைக்குள் போலீஸ் வந்து, சட்டத்தின் பெயரால் என்று ஒரு கை பெக்கெர்ட்டின் தோளில் விழுந்ததும் படம் முடிந்துவிட்டால் அந்தப் பிரதி வேண்டாம். அதற்குப் பிறகு உண்மையான நீதிபதிகள் வந்து உட்கார வேண்டும். தீர்ப்பு நமக்குக் கேட்காது. கறுப்பு உடையில் மூன்று தாய்மார்கள் ஒரு பெஞ்சில் இருப்பார்கள். எல்சியின் அம்மா அழுதுகொண்டே, இதனால் நம் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை, பிள்ளைகளை இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பாள். திரை இருண்ட பிறகும் அவள் குரல் வரும். முதல் காட்சி இருட்டில் ஒரு குழந்தையின் பாட்டோடு தொடங்கியது என்று சொன்னேன் அல்லவா? அதற்குப் பதில்போல் இருட்டில் ஒரு தாயின் குரலோடு முடிகிறது. அந்த அரை நிமிடத்தை வெட்டினால், போலீஸ் வந்து காப்பாற்றிய கதையாகிவிடும்.

இன்னொன்று ஏற்பாடு சம்பந்தப்பட்டது. எங்கள் கூட்டத்தில் ஒரு அத்தைக்கு ஆங்கில சப்டைட்டிலை வேகமாக வாசிக்க வராது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காதோடு தமிழில் சொல்வார்கள். 'எம்' படத்துக்கு அது சரிவராது. மௌனம் வரும் இடத்தில் பக்கத்தில் கிசுகிசுப்புக் கேட்டால் படம் போச்சு. அதனால் கட்டப் பஞ்சாயத்துக் காட்சியின் வசனங்களையும் அந்தக் கடைசி வரியையும் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, படம் தொடங்கும் முன்பே அவரிடம் கொடுத்துவிடப்போகிறேன். மற்றதெல்லாம் பார்த்தாலே புரியும். சமீபத்தில் குழந்தையை இழந்தவர்கள் யாரும் வருவதாக இருந்தால் முன்கூட்டியே கதையைச் சொல்லிவிட வேண்டும். ரத்தம் இல்லை என்பதற்காக இது தாங்கக்கூடிய படம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆக, வரிசை இப்படி: இந்த மாதம் 'எம்', அடுத்து 'உயில்', மூன்றாவது லோசி. விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் தீபாவளி விடுமுறையில் நாலரை மணி நேர மபூசே.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, அதே 1931 டிசம்பரில் வெளியான 'எமிலும் துப்பறிவோரும்' போடலாம் என்றிருக்கிறேன். கெர்ஹார்ட் லாம்ப்ரெக்ட் இயக்கியது, திரைக்கதை இளம் பில்லி வைல்டர். அதிலும் பெர்லின் தெருக்களில் ஒரு கூட்டம் ஒரு ஆளைத் துரத்துகிறது. துரத்துகிறவர்கள் அத்தனை பேரும் குழந்தைகள். எமிலின் உறவுக்காரப் பிள்ளையாக ஒரு சுட்டிப் பெண் வருவாள். எல்சியாக நடித்த இங்கே லாண்ட்கூட்தான் அவள்.